காசும் வாசியும்

பண்டைத் தமிழகத்தின் சமய வரலாற்றை ஆராயப் புகுவார்க்குத் துணையாய் நிற்பன இலக்கியம், கல்வெட்டு, செப்பேடு, காசு என்னும் நான்குமாம். இவற்றுள் இலக்கியம் ஏட்டினின்று ஏட்டிற்குப் பெயர்ந்து வருதலின் இடையே திரிபு உறுதற்கு இடனுண்டு. கல்வெட்டு, தான் பொறிக்கப்பெற்ற சுவரைவிட்டு அகலாது. செப்பேடு, உரிமைக்குச் சான்றாய் உடையார் இல்லத்தே அடங்கிக் கிடக்கும். காசொன்றே அரசன் இலச்சினையைத் தாங்கி, அங்காடியும் ஆற்றுத்துறையும் திருக்கோயிலும் புகுந்து, வறியவர் கையிலும் செல்வர் கையிலும் ஒருங்கே வழங்கியது. ஆயினும், அளவிற் சிறியதாகலானும், உருக்கினும் விலைபெறும் உலோகமாகலானும், இந்நான்கனுள் விரைந்து அழிவதும் அதுவேயாம். பரந்து வழங்குதலும் விரைந்து மறைதலுமாகிய இவ்விரண்டு இயல்பும் சைவ நன்மக்களாற் சிந்திக்கற்பாலன.

சென்னை மாநகரில், தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே அமைந்துள்ள நந்தனம் என்னும் பகுதி பெயரளவிற் புதியது. நந்தன என்னும் தமிழாண்டில் (1952–53) அங்குக் குடியிருப்பு வகுக்கப்பெற்றமையின் அப்பெயர் எய்தியது என்பர். பெயர் புதிதாயினும், அதனைச் சூழ்ந்த நிலம் பழமையுடையது. நந்தனத்தை அடுத்துள்ள மாம்பலத்தில் முன்னொருகால் கிடைத்த புதையலில், முத்திரைக் காசுகள் பலவற்றோடு, உரோமப் பேரரசன் அகஸ்டஸின் காசு ஒன்றும் கலந்திருந்தது. அவ்வரசன் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்டவன். முத்திரைக் காசு, ஆண்டும் அரசன் பெயரும் பொறியாது ஞாயிறு, மரம், விலங்கு முதலிய குறிகளையே தாங்கி வருவது. ஆகலின் அதன் காலத்தைத் தனியே வைத்துத் துணிதல் அரிது. அகஸ்டஸின் காசோடு ஒருங்கு கிடந்தமையாலேயே, அம்முத்திரைக் காசுகள் கிறித்துவ ஆண்டுத் தொடக்கத்தை ஒட்டிய காலத்தும் இந்நிலத்தே மதிப்புற்றிருந்தன என்பது பெறப்படுகின்றது. கடல்கடந்த வாணிகம் இப்பகுதியைத் தொட்டமையும் அதனாலேயே விளங்கும். அவ்விருவகைக் காசும் வேறுவேறு கையிற் சென்று சேர்ந்திருப்பின், காசுகள் எஞ்சியிருக்கும். அவை உணர்த்தும் செய்தி ஒழிந்திருக்கும்.

இஃது ஒரு சிறு குறிப்பின் பெருமை. இதனை உளங்கொண்டு நாணயக் கண்காட்சி ஒன்றினுட் புகுவாரது நோக்கு, வெறும் வேடிக்கை காண்பாரது நோக்கினின்றும் வேறாதல் ஒருதலை.

சென்னையிலும் தமிழ்நாட்டின் பிற நகரங்களிலும் நாணயக் கழகத்தார் இத்தகைய கண்காட்சிகளை நடத்தி வருகின்றனர். காலையிற் கதவு திறந்தது முதல் மாலையில் விளக்கேற்றும் வரை அவ்விடம் ஒரு சிறு சந்தை போலவே விளங்கும். வரிசை வரிசையாக இடப்பட்ட மேசைகளில் கண்ணாடி மூடிய தட்டுக்கள் இருக்கும். அவற்றில் பொன்னும் வெள்ளியும் செம்பும் ஈயமுமாகிய காசுகள் சிறு சிறு அறைகளிற் பொதிந்து வைக்கப்பட்டிருக்கும். பள்ளிச் சிறார் அஞ்சற்றலையும் அயல்நாட்டுக் காசும் தேடித் திரிவர். முதியோர் உருப்பெருக்கியைக் கண்ணிற் பொருத்திக்கொண்டு தேய்ந்த எழுத்தைக் கூட்டிப் படிப்பர். ஒருபால் சிறு துலாக்கோலில் நிறை காண்பர். மற்றொருபால் ஏலங் கூறுவர். ஒருநாள் முழுதும் அங்கே நின்று நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படும். விலை கேட்பார் பலர். எழுத்துப் படிப்பார் சிலர். ‘இஃது எவ்வூரில், எந்நிலத்தில் கிடைத்தது?’ என்று வினவுவார் மிகச் சிலர்.

அத்தட்டுக்களில் சைவ வரலாற்றுக்கு இயைபுடையன யாவை என்பதனை இனிச் சிறிது நோக்குதல் தகும்.

முதற்கண் வைத்து எண்ணத்தக்கன சங்ககாலத் தமிழரசர் காசுகள். சங்கத்தார் காலத்து மூவேந்தரும் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டிலர் என்னுங் கருத்து நெடுங்காலம் நிலவியது. 1980-களின் நடுவில், நாளிதழ் ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி (1933–2021) ‘பெருவழுதி’ என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்த பாண்டியர் செப்புக்காசினை வெளிப்படுத்தினார். அதன் ஒருபுறம் குதிரையும், ஆமைகள் உள்ள தொட்டியும் காணப்படுகின்றன. மறுபுறம் கோட்டுருவாய் அமைந்த மீன் உளது. குதிரையையும் ஆமைகளையும் வேள்விச் சடங்கோடு இயைத்து அறிஞர் பொருள் கூறுவர். பெருவழுதி என்னும் பெயருடையார் ஒருவர்க்கு மேற்பட்டோராகலின், இவன் இன்னான் என்று வரையறுத்தல் எளிதன்று. எனினும், அப்பெயருடைய பாண்டியன் காசு வெளியிட்டான் என்பது ஐயமற நிறுவப்பட்டது. கரூரில் அமராவதி ஆற்று மணலிற் கிடைத்த காசுகளால் சேரரது காசு வழக்கும் இங்ஙனமே தெளிவுற்றது. ‘மாக்கோதை’ என்னும் பெயரும் ஒரு தலையுருவும் பொறித்த காசு அவற்றுட் குறிக்கத்தக்கது. தாம் ஆராய்ந்த காசுகளைத் தொகுத்து அவர் 1997-இல் நூலாக வெளியிட்டார். அவர் தொல்பொருள் துறையில் ஊழியம் பார்த்தவரல்லர். காசு தொகுப்பவராய்த் தொடங்கியவர். தொகுத்தலோடு அமையாது, படித்தும் எழுதியும் வெளியிட்டமையின், தொகுப்பு வரலாறாயிற்று.

அடுத்து வைத்து எண்ணத்தக்கன பல்லவர் காசுகள். அவற்றிற் பெரும்பாலன ஏற்றின் உருவைத் தாங்குகின்றன. ஏறு பல்லவரது இலச்சினை. சிவபெருமான் ஊர்தியும் கொடியும் அதுவேயாதலின், சைவர் கண்ணுக்கு அது திருவுருவாய்த் தோன்றுதல் இயல்பே. ஆயின், ஏறு கண்டவிடமெல்லாம் சைவம் எனத் துணிதல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. பல்லவருள் திருமாலடியாரும் இருந்தனர். அவரும் அவ்விலச்சினையையே வழங்கினர். குலக்குறி வேறு, அரசன் தன் வழிபாடு வேறு. இரண்டும் ஒன்றுபட்டமைக்குக் கல்வெட்டோ கோயிலோ சான்று பகருமாயின் மட்டுமே ஒன்றெனக் கோடல் முறையாகும்.

வடபுலத்துக் காசுகளிலும் இவ்வெச்சரிக்கை வேண்டப்படும். குசான வேந்தனாகிய வீம கட்பிசஸ் வெளியிட்ட காசுகளில், சூலப்படை ஏந்தி ஏற்றின்முன் நிற்குந் தெய்வவுரு ஒன்று காணப்படுகின்றது. அக்காசின் எழுத்திலே வரும் ஒரு சொல்லை ‘மகேசுவரனுக்கு அடியான்’ எனப் பொருள் கொள்வாரும் உளர். ‘நிலத்திற்குத் தலைவன்’ எனப் பொருள் கொள்வாரும் உளர். அவன்பின் வந்த கனிட்கன் முதலியோர் காசுகளில் ‘ஓயேசோ’ என்னும் பெயரோடு வருந் தெய்வத்தைச் சிவபெருமான் எனப் பலர் கூற, ஈரானியக் காற்றுத் தெய்வத்தின் இயல்பும் அதன்கண் கலந்துளது என வேறு சிலர் கூறுவர். இருசார்க் கருத்தையும் அறிந்து கூறுதலே சைவத்தின் தொன்மைக்கு வலியாம்; ஒன்றை மறைத்துக் கூறுதல் வலியாகாது.

விசயநகர வேந்தருள் இரண்டாம் அரிகரனது பொற்காசில் அம்மையப்பர் ஒருங்கு வீற்றிருக்குங் கோலம் பொறிக்கப்பட்டது. இங்கே பொருளில் ஐயம் யாதும் இல்லை. விரல்நுனி அளவினதாகிய பொன்னில், திருக்கோயிற் சிற்பி பெருங்கல்லிற் செய்வதனை அக்கசாலையார் செய்து முடித்தனர்.

சோழர் காசுகளுட் பெரிதும் கிடைப்பது இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசு. ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் அரசன் பெயரும் உடையது அது. ஈழத்துப் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட வேந்தர் தம் காசுகளுக்கும் அவ்வமைப்பையே மேற்கொண்டனர். அக்காலத்திற் காசு திருக்கோயிலோடு எவ்வாறு பின்னிப் பிணைந்து நின்றது என்பதனைத் தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள் விளக்கும். திருவிளக்கு, திருவமுது, திருவிழா முதலியவற்றிற்கென அடியார் முதற்பொருளாகக் காசு வைப்பர். அதனை ஊரவையார் கைக்கொண்டு, ஆண்டுதோறும் காசு ஒன்றுக்கு அரைக்காற் காசு, அஃதாவது எட்டில் ஒரு பங்கு, பொலிசையாகச் செலுத்துவர். முதல் குறையாது நிற்க, பொலிசையால் அறம் நடைபெறும். அவ்வூர்களில் உழவும் வாணிகமும் அக்காசினால் ஓடின. அதனாலேயே கோயிலிற் பல அறங்கள் நிகழ்ந்தன. ஒரு செப்புக்காசை உள்ளங்கையில் ஏந்துவார், இப்பெருவழக்கினை நினைவு கூர்தல் வேண்டும்.

கிடைத்த இடத்தை அறிதலால் வரலாறு திருந்தியமைக்கு யாழ்ப்பாணத்துச் ‘சேது’க் காசு தக்க சான்றாம். படுத்த ஏற்றின் உருவும் ‘சேது’ என்னுந் தமிழெழுத்தும் பொறித்த அக்காசுகள், பெயரை நோக்கி, இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு உரியன என்றே முன்னர்க் கருதப்பட்டன. ஈழத்தின் வடபகுதியில் அவை மிகுதியாகக் கிடைத்தல் முதலிய காரணங்களால், யாழ்ப்பாணத்திலிருந்து ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளுக்கு உரியன எனப் பின்னர்த் துணியப்பட்டன. இத்துணிபுக்கு முன்னின்றாருள் நல்லூர் ஞானப்பிரகாச அடிகள் ஒருவர். ஏற்றினையும் சேதுவினையும் தம் இலச்சினையாக் கொண்ட சைவத் தமிழரசு ஒன்றன் காசு, கிடைத்த இடம் பேணப்பட்டமையால் தன் உடையாரிடம் மீண்டது.

இனி, காசினைப் பற்றிய இவ்வாராய்ச்சிக்கும் சைவ அடியார் வரலாற்றுக்கும் உள்ள இயைபு ஒன்று உளது. திருவீழிமிழலையில் வற்கடம் நேர்ந்த காலத்து, திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அடியார்களோடு அங்கு எழுந்தருளியிருந்தனர். இறைவன் கீழைப் பீடத்தும் மேலைப் பீடத்தும் நாடோறும் ஒவ்வொரு காசு வைத்தருளினன் எனச் சேக்கிழார் கூறுவர். நாவுக்கரசர் மடத்தில் அடியார்க்கு அமுது உரிய போதில் அமைந்தது. சம்பந்தர் மடத்தில் காலந்தாழ்த்தது. காரணம் வினவியபோது, பிள்ளையார் பெறுங் காசுக்கு வணிகர் வாசி கேட்கின்றனர் என்பது தெரிந்தது. வாசியாவது, மாற்றுக் குறைந்த காசினை மாற்றுமிடத்துக் கழிக்கப்படும் வட்டம். அரசர் கைத்திருத்தொண்டு செய்தமையின் அவர்க்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்று புராணம் கூறும். பின்னர்ப் பிள்ளையார் பாடி, வாசியற்ற காசினைப் பெற்றருளினர்.

சுந்தரமூர்த்திகள் வரலாறு இன்னும் நுணுக்கமானது. திருமுதுகுன்றத்திற் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுக்குமாறு இறைவன் பணித்தபோது, அப்பொன்னில் மச்சம் வெட்டித் தம்பால் வைத்துக்கொண்ட பின்னரே அவர் ஆற்றிலிட்டார். மச்சமாவது, மாற்று ஒத்துப் பார்த்தற்கென எடுத்து வைக்கும் மாதிரித் துண்டு. திருவாரூரிற் குளத்தினின்றும் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது, மாற்றுக் குறைந்திருந்தது, பாடியபின் ஒத்தது. திருவாரூரில் மாற்றுரைத்த விநாயகர் என்னுந் திருநாமம் இன்றும் வழங்குகின்றது. மச்சம் கையில் இல்லையாயின், குறைவும் புலப்பட்டிராது, நிறைவும் புலப்பட்டிராது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. இறைவன் தந்த பொன்னையே உரைத்துப் பார்த்த மரபு சைவ மரபு. காசின் பெயராகிய நாணயம் என்னுஞ் சொல்லே வாய்மைக்கும் பெயராய்த் தமிழில் வழங்குதலும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது.

ஒரு பழங்காசுக்கு மச்சம் யாது எனின், அது கிடைத்த இடமும் காலமும் உடன்கிடந்த பொருள்களும் நிறையும் குறித்த குறிப்பேயாம். அக்குறிப்பில்லாத காசு, பொன்னேயாயினும், வரலாற்று அங்காடியில் வாசியுடைய காசாம்.

இக்கால நாணயச் சந்தையில் அவ்வாசி மூன்று வழியாக நேர்கின்றது. முதலாவது போலிக் காசு. மெய்க்காசினின்றும் அச்செடுத்து உருக்கி வார்த்தனவும், தேய்ந்த காசில் புதிதாய் எழுத்து வெட்டியனவும் விலையுயர்ந்த வகைகளிற் புகுந்துள்ளன. வார்த்த காசின் விளிம்பிற் கோடும், முகத்தில் நுண்ணிய துளையும் காணப்படுதல் உண்டு. நிறையும் பெரும்பாலும் மாறுபடும். இரண்டாவது, அமிலமிட்டுத் துலக்குதல். செம்பின்மேற் காலத்தாற் படிந்த பசுமை, காசுக்குக் கவசமும் அதன் பழமைக்குச் சான்றுமாகும். பளபளப்பை விரும்பி அதனை நீக்குவார் எழுத்தையும் உடன் நீக்குவர். மூன்றாவதும் பெரிதும் ஆனது, புதையலைப் பிரித்து விற்றல். ஆற்று மணலைச் சலித்துக் காசு தேர்வார் எடுத்தனவும், உழுபடையின் கீழ்க் கலத்தோடு வெளிப்பட்டனவும் பல கைகளுக்குப் பிரிந்து, பல நகரத்துத் தட்டுக்களிற் சென்று அமர்கின்றன. மாம்பலத்துப் புதையல் அங்ஙனம் சிதறியிருப்பின் நேர்ந்திருக்கும் இழப்பு மேலே கூறப்பட்டது.

குறிப்பின் வலிமைக்கு உத்தமசோழன் பொற்காசும் சான்று பகரும். புலியும் மீனும் உத்தமசோழன் பெயரும் பொறித்த அக்காசு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால்டர் எலியட்டு என்னும் ஆங்கில அதிகாரியிடம் இருந்தது. இன்று அக்காசு இல்லை, காணாமற் போயிற்று. அவர்காலத்து வரைந்த படம் எஞ்சியது. பெயர் பொறித்த சோழர் காசுகளுள் முற்பட்டது என அறிஞர் போற்றுவது அப்படத்தைக் கொண்டேயாம். பொன் போயிற்று, மச்சம் நின்றது. அவர் தென்னிந்திய நாணயங்களைப் பற்றி எழுதிய நூல் 1886-இல் வெளிவந்தது. பழஞ் செப்புக்காசுகள் கன்னார் உலையிற் புகுந்து குடமும் குத்துவிளக்குமாகிவந்த காலத்தில், அவ்வாறு எழுதி வைத்தாரது முயற்சி பெரிதும் போற்றற்குரியது.

திருக்கோயில்களிலேயே புதையல் வெளிப்படுதலும் உண்டு. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், திருவானைக்காவில் அகிலாண்டேசுவரி உடனாய சம்புகேசுவரர் திருக்கோயில் வளாகத்து நிலத்தைச் சீர்செய்தபோது, கலமொன்றில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றின் நிறை 1,716 கிராம். எண்ணும் நிறையும் அன்றே பதிவாயின. ஆகலின், பெரிதாகிய காசு ஒன்றும் அவற்றிடை இருந்தமையை ஒதுக்கித் தோராயமாக நோக்கின், காசு ஒன்றன் நிறை ஏறத்தாழ 3.4 கிராமாய், பழைய வராகன் நிறையை ஒட்டி நிற்றலைக் காணலாம். கண்டவர் மறைத்துப் பகிர்ந்திருப்பின், இவ்வெளிய கணக்கும் இயலாதாகும்.

புதையலைப் பற்றிய சட்டம் புதிதன்று. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தார் அதனை மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும். கண்டார்க்குரிய பங்கும் அதன்கண் வகுக்கப்பட்டுளது. தொல்பொருள்களை நாடுகடத்துதல் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டது. 1851-இல் தோன்றிய சென்னை அரசு அருங்காட்சியகம், தமிழ்நாட்டிற் கிடைத்த புதையற் காசுகள் பலவற்றைப் பேணி வருகின்றது. சட்டம் உளதாயினும், அதனை நிறைவேற்றுவது முதலில் கண்டெடுப்பாரது மனச்சான்றேயாம்.

ஆகலின், திருப்பணி செய்விப்பாரும் கோயில் அறங்காவலரும் செய்யத்தக்கன சிலவுள. திருக்குளம் தூர்வாரும்போதும், மதிலடி தோண்டும்போதும் காசு வெளிப்படின், அதனைக் கழுவலாகாது, பிரிக்கலாகாது. கிடந்த ஆழம், திசை, உடன்கிடந்த கலம், ஓடு முதலியவற்றை அன்றே எழுதி, படம் எடுத்து, எண்ணியும் நிறுத்தும் பதிந்து, உரியவர்க்கு அறிவித்தல் வேண்டும். உண்டியலில் இடப்படும் பழங்காசுகளை உலோகமெனக் கருதி உருக்குதலும் தகாது. கண்காட்சியிற் காசு கொள்வாரும், ‘என்ன விலை?’ என்பதன்முன் ‘எவ்விடத்தது?’ என்று வினவுதல் வேண்டும். வினவுவார் பெருகின், விற்பாரும் குறித்து வைப்பர். கொண்ட காசு ஒவ்வொன்றற்கும் சிறு ஏட்டில் ஒரு வரி எழுதி வைத்தல் எவர்க்கும் அரிய செயலன்று. தொகுத்தார் காலத்துக்குப்பின் அவ்வேடின்றிப் பிரியும் தொகுப்பு, வெறுஞ் செம்பும் வெள்ளியுமாய் நிறுக்கப்படுதல் கண்கூடு.

திருவீழிமிழலையில் வாசியில்லாக் காசு கிடைத்தது கைத்தொண்டு செய்தவர்க்கே என்று சேக்கிழார் அருளியது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. முன்னோர் புழங்கிய காசினை வாசியின்றிப் பின்னோர்க்கு அளித்தலும் ஒருவகைக் கைத்தொண்டேயாம். அத்தொண்டுக்கு வேண்டுவன பெரும்பொருளல்ல. ஓர் எழுதுகோலும், ஒரு துலாக்கோலும், மறையாது உரைக்கும் நாணயமுமேயாம்.

திருச்சிற்றம்பலம்.